நடுவில் ஒரு துணி

அந்த நாற்காலி வேண்டாம் தம்பி, ஆடும். இப்படி வந்து உட்காருங்கள். ஆமாம், தமிழ்தான். புதுச்சேரி. நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு நொடி கீழே பார்த்தீர்களே, பிரெஞ்சுக்காரன் பார்ப்பானா? பருத்தித்துறையா, சரி. தோள் வலியா? ஓட்டல் சமையல்கட்டு என்றால் தோள் போகாமல் என்ன செய்யும். எனக்கு மணிக்கட்டு. இரண்டு கையும். உள்ளே இருக்கிற தாடிக்காரர் வாராவாரம் எண்ணெய் போட்டு உருவிவிடுகிறார். நல்ல கைராசிக்காரர், குறை சொல்ல முடியாது. ஒன்றே ஒன்றுதான், என் மணிக்கட்டில் வலி என்று எதுவும் கிடையாது.

சிரிக்காதீர்கள். அவர் காதில் விழுந்தாலும் கவலையில்லை, தமிழ் அவருக்குக் காற்று. இந்த ஊரில் எனக்குக் கிடைத்த சௌகரியம் அது ஒன்றுதான். யாரையும் எதிரிலேயே வைத்துத் திட்டலாம். நமக்கு முன்னால் இன்னும் ஒரு ஆள் உள்ளே இருக்கிறார். அதற்குள் சொல்லிவிடுகிறேன். நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

என் பேர் மங்கையர்க்கரசி. இங்கே இதை முழுதாகச் சொல்லி முடித்தவர் இல்லை. பாதியில் மூச்சு வாங்கி ‘மதாம் மங்’ என்று நிறுத்திக்கொள்வார்கள். அந்தக் காலத்து பி.ஏ. நான். தமிழ் இலக்கியம், இரண்டாவது மொழி பிரெஞ்சு. வாசிக்க நன்றாக வரும். பேசினால் கல்வெட்டு எழுந்து வந்து பேசுகிற மாதிரி இருக்கிறதாம், என் மகன் சொல்கிறான்.

மகன் செழியன். நீம் நகரத்திலிருந்து முக்கால் மணி நேரம் போனால் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு கிராமம். அங்கே திராட்சை ரசம் பிழிகிற கூட்டுறவு ஆலையில் வேலை. ரசம் என்று நான் சொல்கிறேன். அவன் அப்பா இருந்திருந்தால் வேறு பேர் சொல்லியிருப்பார். அந்தக் கிராமத்துப் பெண்ணையே கட்டிக்கொண்டான். மருமகள் பேர் ஒரேலி. நல்ல பெண். நல்ல பெண் என்று நான் சொன்னால் மேலே சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

அவள் அம்மா மிரெய், என் சம்பந்தி. முற்றத்துக்கு அந்தப் பக்கம் வீடு. சம்பந்தி வீட்டுப் படியை யோசித்து மிதிக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் ரொட்டியோடு வருவாள், கன்னத்தில் மூன்று முத்தம். மத்தியானம் கீரையோடு வருவாள். அப்போது முத்தம் கிடையாது, ஒரு நாளைக்கு ஒரு தடவைதானாம். பாசத்துக்கும் படி அளந்து வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் கடைசியாக ஒரு பாலாடைக்கட்டி வரும். மழைக்காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை கழற்றிப்போட்ட காலுறை எப்படி மணக்கும், அப்படி. அதை எல்லாரும் கண்ணை மூடி ரசிப்பார்கள். நானும் கண்ணை மூடுவேன்.

போன டிசம்பரில் பேத்தி பிறந்தாள். பேர் கபுசின். ஒரு பூவின் பேராம். எனக்கென்னவோ காபிக்கடைப் பலகை ஞாபகம்தான் வருகிறது. நான் குழலி என்று வைத்திருந்தேன். அதையும் இரண்டாம் பேராகப் பதிவில் போட்டிருக்கிறான், அம்மா மனசு நோகக்கூடாதாம். நான் குழலி என்றே கூப்பிடுகிறேன். அவளும் அதற்குத்தான் திரும்புகிறாள். காபிக்குத் திரும்புவாளா?

அந்த ஊர்ப் பெண்கள் ஒரு தையல் தைக்கிறார்கள், அதைச் சொன்னால்தான் கதை புரியும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மேயர் அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கிற அறையில் கூடுவார்கள். பூத்தி என்று பேர். இரண்டு வெள்ளைத் துணியை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, வெள்ளை நூலால் கொடியும் பூவும் தைத்து, பிறகு துணியைத் திருப்பி, நீள ஊசியில் பஞ்சுத்திரியைக் கோத்து, பின்பக்கமாகத் தையலுக்கும் தையலுக்கும் நடுவில் திணிக்க வேண்டும். பூ புடைத்துக்கொண்டு வரும். கையகலம் தைக்க ஒரு மாசம் ஆகும். முடித்ததும் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. வெள்ளையில் வெள்ளை. ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தால்தான் தெரியுமாம். நம் ஊரில் நாலு விரல் ஜரிகை போட்டால் நாலு தெருவுக்குத் தெரியும். இவர்கள் அழகைத் துணிக்குள்ளே ஒளித்துவைத்துவிட்டு அதற்கு ஒரு சங்கமும் நடத்துகிறார்கள். என்னையும் கூப்பிட்டாள் மிரெய். வெள்ளைத் துணி எனக்கு வேண்டாம் என்றேன். என் வீட்டுக்காரர் போன பத்தாம் நாள் என் நாத்தனார் ஒரு வெள்ளைப் புடவையை நீட்டினாள். அவளிடமும் அதையேதான் சொன்னேன்.

ஜனவரியில் நான் வந்து இறங்கிய மறுநாள். குளித்து, தலை வாரி, பெட்டியின் அடியிலிருந்து மயில்கழுத்துப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். பேத்தியை முதல் தடவை மடியில் வாங்கப்போகிறேன், நைட்டியோடா உட்கார முடியும்? மிரெய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கையை நீட்டினேன். அவள் பிள்ளையைத் தரவில்லை. தன் தோளில் கிடந்த ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, உதறி, என் மார்பிலிருந்து முழங்கால்வரை விரித்தாள். அந்தத் தையல் போட்ட துணிதான், தடியாக. ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். ஒரு விரல் அகலம் புடவை வெளியே தெரியாதபடி என்னை மூடிவிட்டு, அப்புறம்தான் பிள்ளையை அதன்மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் இருந்திருக்கும். எடுத்துக்கொண்டாள். எடுத்ததும் அந்தத் துணியை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய் நேராகத் தண்ணீரில் போட்டாள்.

எனக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகும்? யாரிடம் காட்டுகிறாள்?

செழியன் பிறந்தபோது எங்கள் வீட்டுக் கொல்லையைச் சுத்தம் செய்ய பச்சையம்மா என்று ஒருத்தி வருவாள். சந்து வழியாக வந்து சந்து வழியாகப் போய்விடுவாள். பிள்ளையை ஒரு தடவை வாங்கிப் பார்க்கணும் என்று கேட்டாள். என் மாமியார் நல்ல மனசுக்காரி, ஆசைப்படுகிறாள் பாவம் என்று, அவள் கையில் ஒரு பழைய வேட்டித் துணியை விரித்து, அதன்மேல் பிள்ளையை வைத்தாள். பார்த்தாள், சிரித்தாள், கொடுத்துவிட்டாள். துணியைச் சோடா உப்புப் போட்டு வெந்நீரில் போட்டோம். அது சுத்தத்துக்காகத் தம்பி. பிறந்த பிள்ளை. அது வேறு. அப்புறம் ஒரு நாள் அடுப்பில் பால் பொங்குகிறது, பிள்ளையைக் கொஞ்சம் பிடி என்று அவளிடம் நானே நீட்டினேன், துணிகூட இல்லாமல்.

“கை வலிக்குதும்மா” என்று சொல்லிவிட்டாள். அந்த மாதிரி ஆட்களுக்கு எப்போதும் ஏதாவது ஒரு வலி.

ஏன் தம்பி முகத்தைச் சுளிக்கிறீர்கள்? தோளா? கையை நாற்காலிப் பிடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே விட்டேன்? தண்ணீரில் போட்டாள். சரி, இவர்கள் பார்வையில் நான் யார் என்று தெரிந்துபோயிற்று. கறுப்புத் தோல், எண்ணெய்த் தலை, எங்கிருந்தோ வந்தவள். சண்டை போடுவேனா? பி.ஏ. படித்தவள். மறுநாள் ஒரேலி பிள்ளையைக் கொண்டுவந்து, வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டாள். பின்னாலேயே மிரெய், தோளில் அந்தத் துணி. என் மணிக்கட்டு வலிக்கிறது என்றேன். அந்தப் பொய் எப்படி அவ்வளவு சட்டென்று வாயில் வந்தது என்று எனக்கே ஆச்சரியம். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.

நம் ஊராக இருந்தால் என்ன செய்வார்கள்? “சும்மா பிடிங்க அத்தை, ஒன்றும் ஆகாது” என்று மடியில் போட்டுவிட்டுப் போவார்கள். நானும் முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டிருப்பேன். இங்கே அப்படி இல்லை. வலி என்றால் வலி. மரியாதை கொடுக்கிறார்களாம். ஒரு தடவை வலிக்கிறது என்று சொன்ன கிழவியை வற்புறுத்துவது நாகரிகம் இல்லையாம். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். படம் எடுத்தார்கள். எலும்பு கன்னிப்பெண் எலும்பு மாதிரி இருக்கிறது, வலி நரம்பில் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். படித்தவர், கண்டுபிடித்துவிட்டார். அங்கிருந்து இந்தத் தாடிக்காரர்.

அவர்கள் பிள்ளையைக் குளிப்பாட்டுவார்கள், நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பேன். பிள்ளைக்குச் சோறு இல்லை, காரட்டை மசித்துக் கொடுப்பார்கள், அதையும் பார்ப்பேன். அழுதால் தூக்க மாட்டார்கள், பழக்கம் கெட்டுவிடுமாம். பக்கத்து அறையிலிருந்து நான் மெதுவாகப் பாடுவேன். என் அம்மா பாடினது பாதி, மறந்துபோன இடத்தில் நானே கட்டினது பாதி. அழுகை நிற்கும். பார்த்தாயா, தானே நிறுத்திக்கொண்டாள் என்று ஒரேலி தன் அம்மாவிடம் சொல்வாள். பாட்டுக்குத் துணி விரிக்க முடியாது இல்லையா?

ஜூனில் ஞானஸ்நானம். ஒரு கரண்டித் தண்ணீர்தானே அம்மா என்றான் செழியன். என்னிடம் சம்மதம் கேட்கவில்லை, தகவல் சொன்னான். விருந்துக்கு மேயர் வந்தார். வெளிர் நிறத்தில் கோட்டும் காற்சட்டையும், மடிப்புக் கலையாமல். பிள்ளையைக் கொடுங்கள் என்றார். மிரெய் என்ன செய்தாள் தெரியுமா? அதே துணியை எடுத்து, உதறி, மேயர் மடியில் விரித்தாள்.

எனக்குக் கண் இருட்டிவிட்டது. அட, மேயரையுமா? என்ன சாதியோ மனுஷன், யாருக்குத் தெரியும், வெளியே சொல்லாமல் இத்தனை நாள் ஊரை ஆண்டிருக்கிறாரே என்று நினைத்தேன். நிஜமாகத்தான் சொல்கிறேன். அடுத்தது பாதிரியார் வாங்கினார். அவருக்கும் துணி. சரி, இவள் சாதாரணப்பட்டவள் இல்லை, கடவுளுக்கும் ஒரு துணி வைத்திருப்பாள் என்று முடிவு கட்டினேன். அப்போது பிள்ளை பாதிரியார் மடியில் குடித்த பாலை எல்லாம் கக்கினாள். அவர் துணியைத் தூக்கிக் காட்டினார். அங்கி நனையவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்ட என்ன இருக்கிறது என்று ஒரேலியிடம் கேட்டேன்.

“இது எங்க பக்கத்துப் பழக்கம் அத்தை. பிள்ளையைப் பார்க்க வர்றவங்க நல்ல உடுப்போட வருவாங்க இல்லையா, அது கெட்டுடக்கூடாதுன்னு மடியில போடுறது. அன்னைக்கு உங்க பட்டுப்புடவையைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஒரே பதற்றம். பிள்ளை துணியெல்லாம் நனைச்சுட்டா. உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு சத்தம் போடாம எடுத்துட்டுப் போய் அலசிட்டாங்க.”

அத்தை என்று கூப்பிட செழியன் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அந்த ஒரு வார்த்தை மட்டும் தமிழ், மற்றதெல்லாம் பிரெஞ்சில் சொன்னாள்.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். இதை ஜனவரியிலேயே சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? ஒரு துணியை ஒரு மனுஷி மடியில் விரித்தால், எதற்கு விரிக்கிறேன் என்று சொல்லிவிட்டு விரிக்க வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள். நான் ஏன் கேட்கவில்லை என்கிறீர்களா? நான் ஏன் கேட்க வேண்டும்? எனக்குத்தான் தெரிந்திருந்ததே.

சரி, வலி போய்விட்டது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் இருந்தேன். வாயைத் திறக்குமுன் அந்தச் செவ்வாய்க்கிழமைச் சங்கம் மொத்தமும் எழுந்து நின்றது. மிரெய் ஒரு பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். பிரித்தால் வெள்ளையாக ஒரு திண்டு. பிறை மாதிரி வளைந்து, இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ள நாடா வைத்து, இரண்டு பக்கமும் உயரமாக. பிள்ளையை அதில் கிடத்தினால் உருளாது, விழாது, கையே வேண்டாம். உங்கள் மணிக்கட்டுக்காக என்றாள். பிப்ரவரியிலிருந்து எல்லாரும் முறைபோட்டுத் தைத்தார்களாம். நடுவில் ஒரு மாங்காய். நம் புடவைக் கரை மாங்காய்தான், தலை சாய்ந்து. என் பட்டில் பார்த்ததா என்று கேட்டேன். இல்லை, இது எங்கள் பாட்டி காலத்திலிருந்து இந்தப் பக்கத்தில் போடுகிற பூ என்றாள். மாங்காய் எந்த ஊரில் காய்க்கிறது என்று எனக்குத் தெரியாதா? விருந்தாளி முன்னால் வாதாடவில்லை.

கண் கலங்கியதா என்கிறீர்களா? வெங்காயம் போட்டு ஏதோ பண்டம் செய்திருந்தார்கள்.

இப்போது சொல்லுங்கள், பத்துப் பெண்பிள்ளைகள் கண் வலிக்கத் தைத்துக் கொடுத்தபிறகு, எனக்குக் கை சரியாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது? அன்றிலிருந்து தினமும் மாலையில் அந்தத் திண்டைக் கட்டிக்கொண்டு உட்காருவேன். பிள்ளையைக் கொண்டுவந்து கிடத்துவார்கள். நான் இரண்டு கையையும் நாற்காலிப் பிடியில் வைத்துக்கொண்டு பிள்ளையைப் பார்ப்பேன். விக்கிரகத்துக்கு நைவேத்தியம் படைத்த மாதிரி. படைக்கலாம், அது எடுத்துச் சாப்பிட முடியாது.

அதுவும் கோடையோடு முடிந்தது. இப்போது பத்து மாசப் பிள்ளை, திண்டில் கிடப்பாளா? தவழ்ந்து வந்து என் புடவையைப் பிடித்து எழுந்து நிற்கிறாள். நின்று, இரண்டு கையையும் மேலே தூக்குகிறாள். அதற்கு எந்த பாஷையும் வேண்டாம் தம்பி. தூக்கு என்கிறாள். உடனே யாராவது ஓடிவருவார்கள். வேண்டாம் கண்ணே, அவங்களுக்குக் கை வலிக்கும் என்பார்கள். வலிக்கிற இடத்தில் ஊத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என் மணிக்கட்டைப் பிடித்து வாயை வைத்து ஊதுகிறாள். ஊதத் தெரியாது, எச்சில்தான் வருகிறது. துடைக்காமல் வைத்திருப்பேன், காய்கிறவரைக்கும்.

தாடிக்காரர் போன வாரம் சொல்லிவிட்டார். இன்றைக்குக் கடைசி. ஒன்று, குணமாயிற்று என்று நான் சொல்ல வேண்டும். இல்லையென்றால் மோன்பெலியேவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுப்பார், அங்கே கீறிப் பார்ப்பார்களாம். கீறட்டும் என்றுகூட நினைத்தேன். குணமாயிற்று என்று சொன்னால் செழியன் கேட்பான். அவன் என் பிள்ளை, என் முகத்தைப் படித்துவிடுவான். ஏன் அம்மா என்பான். துணி விரித்ததை நான் தப்பாக எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால், எப்படித் தப்பாக என்று மிரெய் கேட்பாள். நம் ஊரில் யார் கையில் எதற்குத் துணி விரிப்போம் என்று நான் சொல்ல வேண்டிவரும். அதற்கு எனக்கு பிரெஞ்சில் வார்த்தை தெரியாது. தமிழில் தெரியும். தமிழில்கூட நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

போகட்டும். அதோ பாருங்கள், கண்ணாடிக் கதவுக்கு வெளியே மழையில் நிற்கிறாளே, அவள்தான் என் சம்பந்தி. இன்றைக்கு ஒரேலிக்கு வேலை, இவள்தான் காரில் கொண்டுவந்து விட்டாள். பிள்ளையையும் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனவள், மழை விரட்டிவிட்டது. ஒரு கையில் பை, ஒரு கையில் குடை, இடுப்பில் பிள்ளை. கதவைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள் தம்பி, அந்தத் தோளால் தள்ள வேண்டாம், இந்தக் கையால்.

மெர்சி என்கிறாள், உங்களைத்தான். தொப்பலாக நனைந்திருக்கிறாள். பிள்ளையை யாரிடமாவது கொடுத்தால்தான் அந்தக் கோட்டைக் கழற்ற முடியும். என்னைப் பார்க்கிறாள். என் கையைப் பார்க்கிறாள். தலையை ஆட்டிக்கொள்கிறாள், பாவம் என்று.

உங்களிடமா கொடுக்கிறாள்?

நீங்களும் வாங்கிக்கொள்கிறீர்கள். நல்லது. துணியும் இல்லை, ஒன்றும் இல்லை. யாரோ, எவரோ, இந்தக் கதவைத் திறந்துவிட்டவர் என்கிற பழக்கம் ஒன்றுதான். பிள்ளையும் பாருங்கள், அழாமல் போகிறாள், கழுதை. உங்கள் சட்டைப் பொத்தானைப் பிய்த்துவிடுவாள். தம்பி, அந்தப் பக்கம் சாய்க்காதீர்கள், முதுகுக்குக் கை கொடுங்கள். முதுகுக்கு. உங்கள் தோள் இருக்கிற நிலையில் இதெல்லாம்... குழலி. இங்கே பார். குழலிம்மா.

கையைத் தூக்குகிறாள்.

கொடுங்கள். இப்படிக் கொடுங்கள் தம்பி.

அம்மாடி. என்ன கனம் இது. இவ்வளவு கனமா? யாருமே எனக்குச் சொல்லவில்லையே.

மிரெய் ஏதோ சொல்கிறாள், கேட்கிறீர்களா? மணிக்கட்டு, மதாம், மணிக்கட்டு என்கிறாள். ஒரு கை கோட்டுக்குள்ளே, ஒரு கை வெளியே, அப்படியே நிற்கிறாள். இப்போது பைக்குள் கைவிட்டுத் துணியைத் தேடுகிறாள், என் புடவைக்காக. வேண்டாம் என்று சொல்லுங்கள் தம்பி. எனக்கு இப்போது பிரெஞ்சு வரவில்லை.

கூப்பிடுகிறாரா? மதாம் மங், ஆமாம், என்னைத்தான். என் முறையில் நீங்கள் உள்ளே போங்கள். கேட்டால், எனக்குக் கை ஒழியவில்லை என்று சொல்லிவிடுங்கள்.